ஓய்வில்லா வாழ்வில் தேகாப்பியாசம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த சர்வகலாசாலை மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



தேகாப்பியாசத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டபோது எங்களுக்கு முதலிற் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் விளையாட்டு வீரர் அல்லோம். பாடசாலையில் நூறு மீற்றர் ஓட்டத்தில் ஆறு பேர் ஓடினால் ஆறாவதாக வந்து சேர்வதே எங்கள் வழக்கம். இதைச் சொன்னதும் செயலாளர், "அதற்காகத்தான் தம்பி உம்மைக் கேட்கிறேன். வென்றவரைக் கேட்டால் வெல்லும் வழியைச் சொல்வார். விட்டுவிட்டு மறுபடி தொடங்கினவரைக் கேட்டாற்றான் விடாமலிருக்கும் வழி தெரியும்" என்றார். அந்த வகையிற் பார்த்தால் எங்களுக்குத் தகுதி உண்டு. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கைவிட்டோம். நாலாவது முறை தொடங்கியது இன்றைக்குப் பதினான்கு மாதங்களாக நிலைத்து நிற்கிறது. நாங்கள் என்று இங்கே சொல்வது, கொழும்பில் வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வசிக்கும் மாணவர் நால்வரை. மற்ற மூவரின் சம்மதத்துடனேயே அவர்களுடைய குறைகளையும் சேர்த்துச் சொல்கிறோம்.

நாங்கள் படித்தது மிஷன் பாடசாலைகளில். அங்கே வகுப்புகள் முடிந்ததும் மாலையில் விளையாட்டுக்கென்று ஒரு மணி அடிக்கும். அந்த மணி அடித்தால் விருப்பம் உள்ளவனும் இல்லாதவனும் மைதானத்துக்குப் போயேயாக வேண்டும். உதைபந்து அடிக்கத் தெரியாதவன் பந்து பொறுக்கவாவது ஓடவேண்டும். மாரி காலத்தில் மைதானம் வெள்ளமானால் மண்டபத்திலே கையை உயர்த்தித் தாழ்த்தி 'ட்ரில்' செய்யவேண்டும். அக்காலத்தில் நாங்கள் அந்த மணியை வெறுத்ததும் உண்டு. தலைவலி என்று பொய் சொல்லி வகுப்பறையில் ஒளித்திருந்து அகப்பட்டதும் உண்டு.

நாம் இன்று ஊர்தோறும் ஆடும் கரப்பந்தாட்டத்தின் பிறப்பு எங்கள் பேச்சுப் பொருளோடு நெருங்கிய சம்பந்தம் உடையது. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியொன்றில், பனிக் காலத்தில் வெளியே போகமுடியாத மாணவர் உடம்பு மரத்துப்போகாமலிருக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1895 இல், அதே மாநிலத்தில் ஹோலியோக் என்னும் நகரத்து வாலிபர் சங்கத்தில் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்த வில்லியம் மோர்கன் மற்றொரு சங்கடத்தைக் கண்டார். அவரிடம் வந்தவர்களிற் பலர் நடுவயது கடந்த வியாபாரிகள். நாள் முழுதும் வேலை செய்து களைத்து வருபவர்கள். கூடைப்பந்து அவர்களுக்குக் கடினமாயிருந்தது. அவர்களுக்காகவே, ஓடாமல் நின்ற இடத்திலிருந்து வலைக்கு மேலாகப் பந்தைத் தட்டும் விளையாட்டை அமைத்தார். அது 1916 இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் மூலமாக இலங்கைக்கு வந்தது. 1991 இல் நமது தேசிய விளையாட்டாகவும் ஆயிற்று. ஆகவே, ஓய்வில்லாத மனிதனுக்காகவே பிறந்த விளையாட்டை வைத்துக்கொண்டு, "ஓய்வில்லை, அதனால் விளையாடவில்லை" என்று நாம் சொல்வது அவ்வளவு பொருத்தமான வார்த்தை அன்று.

ஆயினும் நாங்கள் அதைத்தான் சொன்னோம். பாடசாலையை விட்டு வெளியேறியதும் மணி நின்றது. மணியோடு நாங்களும் நின்றோம். அத்தனை ஆண்டுகளும் விளையாட்டில் எங்களுக்குப் பற்று உண்டென்று எண்ணியிருந்தோம். அந்தப் பற்று மணியினுடையதே அன்றி எங்களுடையதன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. கொழும்புக்குப் போனபின் காலையில் பஸ்வண்டி, பகலில் விரிவுரை, மாலையில் சிறுவருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் செலவுக்குச் சம்பாத்தியம், இரவில் புத்தகமும் கைத்தொலைபேசியும். 1904 முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றுவரும் 'வடக்கின் பெரும் போர்' கிறிக்கற் ஆட்டத்தைப் பார்க்க மாத்திரம் தவறாமல் ஊருக்கு வந்தோம். அந்த நாட்களில் எங்கள் தேகத்தில் அப்பியாசம் பெற்ற உறுப்பு தொண்டை ஒன்றுதான்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையொன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. தகப்பனாரின் அனுமதி பெற்றே சொல்கிறோம். அவர் ஓர் ஆசிரியர். அவரும் மிஷன் பாடசாலையிற் படித்தவர். தம் காலத்தில் பாடசாலை உதைபந்தாட்ட அணியில் ஆடியவர். உத்தியோகம் கிடைத்தது, கலியாணமாயிற்று, மோட்டார் சைக்கிள் வந்தது, பின்னேரங்களிற் பிள்ளைகளுக்குப் பாட வகுப்பு. ஐம்பத்துநாலாவது வயதில் காலிற் சிறு புண் ஒன்று வந்து, பல வாரங்களாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியிற் சோதித்தபோது நீரிழிவு நெடுநாளாகவே இருந்திருக்கிறது என்றார்கள். முடிவில் பந்தடித்த அந்த வலது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. கட்டிலின் அருகே நாங்கள் நின்றபோது வைத்தியர் அவரைக் கேட்டார்: "மாஸ்ரர், கடைசியாக நீங்கள் ஒழுங்காக உடம்பை அசைத்தது எப்போது?" தகப்பனார் சற்று யோசித்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில், டொக்டர்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்! அப்போது எங்களுக்குப் பாடசாலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தகப்பனார் நடந்த அதே வழியில் மூன்றாண்டு தூரம் வந்துவிட்டோம் என்று அன்றைக்கு உணர்ந்தோம்.

இது ஒரு வீட்டின் கதை மாத்திரமன்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வளர்ந்தோரில் ஐவருக்கு ஒருவருக்கு மேல் நீரிழிவு உடையவராகக் காணப்பட்டனர். இந்த மண்டபத்தில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

அந்த வைத்தியர் விளக்கிச் சொன்ன விஷயமொன்றை நாங்கள் மறக்கவில்லை. நாம் உண்ணும் சோறும் பிட்டும் இடியப்பமும் வயிற்றிற் சீனியாக மாறி இரத்தத்திற் சேர்கின்றன. அந்தச் சீனியிற் பெரும்பகுதியை வாங்கிச் செலவழிப்பவை தசைநார்கள். நடக்கும்போதும் பாரந் தூக்கும்போதும் தசைநார்கள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்கின்றன. வேலை முடிந்தபின்னரும் அந்தக் குணம் ஒருநாள், இரண்டு நாள் வரையில் நிற்கிறது. அதன்பின் தேய்ந்துவிடுகிறது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓடிவிட்டு மறு ஞாயிறு வரையில் உட்கார்ந்திருப்பவர் நடு வாரத்தில் அந்தப் பயனை இழந்து நிற்கிறார். நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் அப்பியாசத்தை விடலாகாது என்று வைத்தியர்கள் சொல்வதன் காரணம் இதுவே. ஒழுங்கு என்பது தேகாப்பியாசத்துக்கு அலங்காரமன்று. அதன் பயனே ஒழுங்கிலேதான் இருக்கிறது.

அப்படியானால் நம் பாட்டன்மார் எந்த அப்பியாசம் செய்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அவர்களுடைய வேலையே செய்தது. எங்கள் பேரனார் அதிகாலையிலே துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் நீரை ஊற்றுவார். புகையிலைத் தோட்டம் முழுவதும் நனையும் வரையில் அந்த நடை ஓயாது. பேத்தியார் உரலிலே மா இடித்தார்; அம்மியிலே அரைத்தார்; கிணற்றிலே தண்ணீர் அள்ளினார். சந்தைக்கும் கோயிலுக்கும் கால்நடையாகவே போனார்கள். பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. மா அரைக்கும் ஆலை வந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. இவை வந்தது நன்மைக்கே. துலா மிதித்தவர்களின் முதுகு நோவை அறிந்தவர் எவரும் அந்தக் காலம் திரும்ப வேண்டுமென்று சொல்லமாட்டார். ஆனால் இயந்திரம் முதுகு நோவை எடுத்துச் சென்றபோது நடையையும் சேர்த்து எடுத்துச் சென்றுவிட்டது. நாம் சோம்பேறிகளானதால் அப்பியாசம் போகவில்லை. நாளின் ஒழுங்கிலிருந்து அது மெல்லக் கழன்று போனது, நாம் கவனிக்கவில்லை.

வேலையோடு பின்னிய அசைவு மனிதனை எவ்வளவு காக்கும் என்பதற்கு இலண்டன் மாநகரத்திலே நடந்த ஓர் ஆராய்ச்சி சான்றாகும். ஜெறி மொறிஸ் என்னும் வைத்தியரும் அவருடைய நண்பர்களும் அங்கே போக்குவரத்துச் சேவையில் இருந்த முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இலண்டன் பஸ்வண்டிகள் இரண்டு தட்டு உடையவை. சாரதி நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துனர் சீட்டுக் கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்குவார். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரையில். ஒரே வண்டி, ஒரே தெரு, ஏறக்குறைய ஒரேவிதமான குடும்பங்கள். ஆனால் சாரதிகளைவிட நடத்துனர்களுக்கு இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. வந்தவர்களுக்கும் அது பிந்தியே வந்தது. கடிதம் கொண்டு நடந்தும் சயிக்கிளிலும் திரிந்த தபாற்காரரையும் மேசையில் இருந்து வேலை செய்த எழுதுவினைஞரையும் ஒப்பிட்டபோதும் அதே விதமான வேறுபாடு தெரிந்தது. சாரதிகள் தொடக்கத்திலேயே சற்றுப் பருத்தவர்களாயிருந்திருக்கலாமே என்ற ஐயத்தையும் மொறிஸ் விட்டுவிடவில்லை. அவர்களுக்குத் தைத்துக்கொடுத்த சீருடையின் இடுப்பளவுகளைத் தேடி எடுத்து, அந்த ஐயத்தில் ஓரளவு உண்மை உண்டென்று 1956 இல் தாமே எழுதினார். அதன்பின் வேறு பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் அவருடைய மூலக் கருத்தை உறுதிப்படுத்தின. 1910 இற் பிறந்த மொறிஸ் தாமும் உடற்பயிற்சியை விடாதவராய் 2009 வரையில், தொண்ணூற்றொன்பது வயதுவரை வாழ்ந்தார்.

இந்தக் கதையில் எங்கள் மனத்தைத் தொட்டது ஒன்று. அந்த நடத்துனர்களில் ஒருவராவது சுகத்துக்காகப் படியேறவில்லை. "இன்றைக்கு உற்சாகமில்லை, நாளைக்கு ஏறுவோம்" என்று அவர்கள் நினைக்க இடமிருக்கவில்லை. படி அவர்களுடைய நாளிலே இருந்தது. அப்படியானால் நாம் செய்யவேண்டியது மனவுறுதியைத் தேடுவதன்று. நம்முடைய நாளிலே ஒரு படியைக் கட்டுவது.

எங்களுடைய மூன்று தோல்விகளையும் இப்போது சொல்லலாம். முதலாவது தோல்வி தைப்பொங்கலோடு தொடங்கிற்று. ஆரம்ப சூரத்துவம் என்று பெரியோர் சொல்வார்களே, அதுதான். முதல் நாளே காலிமுகத் திடலில் மூச்சு முட்டும் வரையில் ஓடினோம். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் காய்ச்சல் என்றான். பத்தாம் நாள் ஓட்டச் சப்பாத்துகள் கட்டிலுக்கு அடியிலே போயின. இரண்டாவது முறை புத்தியோடு, சிறிதாகத் தொடங்கினோம். ஆனால், "நேரம் கிடைக்கும்போது செய்வோம்" என்று வைத்துக்கொண்டோம். நேரம் ஒருநாளும் தானாக வந்து கதவைத் தட்டவில்லை. மூன்றாவது முறை நேரமும் குறித்தோம். இரண்டு மாதம் நன்றாக நடந்தது. பின்பு பரீட்சை வந்தது. "பரீட்சை முடியட்டும்" என்று ஒரு வாரம் விட்டோம். பரீட்சை முடிந்தது, அப்பியாசமும் முடிந்தது.

தோல்வியைப் பற்றி ஒரு நாள் ஊரிலே கோயில் வீதியில் இருந்து பேசினோம். அப்போது எங்களுள் ஒருவர் சொன்ன உவமையே பின்னர் எங்களுக்கு வழிகாட்டிற்று. திருவிழாக் காலத்தில் கோயிலிலே கூட்டம், மேளம், தீவர்த்தி எல்லாம் உண்டு. திருவிழா முடிந்த மறுநாளோ, அடைமழை நாளோ, ஐயரும் ஒரு விளக்கும் மாத்திரம் இருந்தாலும் காலப் பூசை தவறுவதில்லை. கோயில் கோயிலாக இருப்பது அந்த நித்திய பூசையினால். எங்கள் அப்பியாசம் இதுவரை திருவிழாவாக இருந்தது. நித்திய பூசையாக இருக்கவில்லை. அடைமழை நாளில் எந்த ஒரு விளக்கை ஏற்றுவது என்று நாங்கள் தீர்மானித்திருக்கவில்லை.

நாலாவது முறை நாங்கள் நான்கு காரியங்கள் செய்தோம். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, இடமும் நேரமும் குறித்து எழுதினோம். "இனி அப்பியாசம் செய்வோம்" என்று எழுதவில்லை. "காலை ஐந்தரை மணிக்கு முகம் கழுவியதும், தேநீர் குடிக்கு முன், மரைன் டிரைவ் கடற்கரை வீதியில் முப்பது நிமிடம் நடப்போம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். இதன் பலத்தைக் காட்டும் ஆராய்ச்சி ஒன்று 2002 இல் பிரித்தானியாவில் வெளிவந்தது. சர்வகலாசாலை மாணவரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்றும் விசேஷமாகச் சொல்லவில்லை. மற்றொரு பிரிவுக்கு உடற்பயிற்சி இருதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு அதையும் கொடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்திற் செய்வோமென்று எழுதவும் சொன்னார்கள். அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 38 பேர். இரண்டாம் பிரிவில் 35 பேர். எழுதிவைத்த பிரிவில் 91 பேர். உபதேசம் கேட்டவர்கள் கேளாதவர்களைவிட ஒன்றும் அதிகமாகச் செய்யவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஆகவே, எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நல்ல பேச்சு என்று சொல்லிக்கொண்டு போனால் ஒரு பயனும் இல்லை. வீட்டுக்குப் போய் ஒரு துண்டுக் கடதாசியில் நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள்.

இரண்டாவது, மிகக் கெட்ட நாளுக்கென்று மிகச் சிறிய அளவொன்றை வகுத்தோம். மழை, பரீட்சை, தடிமன், ஊர்ப் பயணம், எதுவானாலும் பத்து நிமிடம். அறைக்குள்ளே பாய் விரிக்கும் இடம் போதும். குந்தி எழும்புதல், தண்டால், சூரிய நமஸ்காரம், இவற்றில் எது முடியுமோ அது. பத்து நிமிடத்தால் என்ன வரும் என்று கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் வெளியிட்ட அறிவுரையின்படி வளர்ந்தவர் ஒருவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரையில் மிதமான அப்பியாசமும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுத்தரும் பயிற்சியும் வேண்டும். முன்னர் ஒரே முறையில் பத்து நிமிடமாவது செய்தாற்றான் கணக்கு என்றிருந்தது; அந்த நிபந்தனையையும் இப்போது எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கிற் சேரும். வாரத்துக்கு 10,080 நிமிடங்கள் உண்டு. அதில் 150 என்பது அறுபத்தேழில் ஒரு பங்கு. கைத்தொலைபேசியில் வீணாகப் போகும் நேரத்தை ஒரு வாரம் கணக்கெடுத்துப் பார்த்தோம். எவ்வளவென்று இந்தச் சபையிற் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இவ்விடத்தில் பதினாயிரம் அடி என்று சொல்லிப் பயமுறுத்துவோருக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தொகை வைத்தியரிடமிருந்து வந்ததன்று. 1964 தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் உற்சாகத்தைத் தொடர்ந்து, 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் பெயரே 'பதினாயிர அடி மானி' என்பதாகும். 2019 இல் அமெரிக்காவில் வயது முதிர்ந்த பெண்களிடையே நடந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண விகிதம் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்குமேல் நன்மை மேலும் கூடவில்லை. பதினாயிரம் முடியாதென்று ஆயிரத்தையும் விட்டுவிடுவது புத்தியன்று. நாங்கள் சர்வகலாசாலைக்குப் போகும்போது பஸ்வண்டியைப் பம்பலப்பிட்டிச் சந்தியில் விட்டு இறங்கி, மிகுதித் தூரத்தை நடக்கத் தொடங்கினோம். ஏறத்தாழ இருபது நிமிடம். காலைநேர வாகன நெரிசலில் பஸ்ஸில் இருந்தவர்களைவிட அதிகம் பிந்திப் போகவில்லை.

மூன்றாவது, கூட்டுச் சேர்ந்தோம். நால்வரில் ஒருவர் எழும்பாவிட்டால் மற்ற மூவரும் அவருடைய போர்வையை இழுப்பது என்று உடன்படிக்கை. கோபம் வந்ததுண்டு, ஒருமுறை தண்ணீர் தெளித்ததில் ஒரு நாள் முழுதும் பேச்சு வார்த்தை இல்லாமற் போனதுமுண்டு. ஆயினும் பாடசாலை மணியின் இடத்தை நண்பனே நிரப்புகிறான். தனியே ஒருவன் தனக்குச் சாட்டுச் சொல்வது எளிது; விடியப்புறத்தில் படலையடியில் வந்து நிற்கும் நண்பனுக்குச் சாட்டுச் சொல்வது கடினம்.

நாலாவதும் முக்கியமானதும், விட்டால் என்ன செய்வது என்று முன்னரே தீர்மானித்தோம். பதினான்கு மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லை என்று சொன்னால் பொய்யாகும். பல நாள் தவறினோம். ஆனால் தொடர்ந்து இரண்டாம் நாள் விடுவதில்லை என்பது நியமம். இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஒரு புதிய காரியம் எத்தனை நாளிற் பழக்கமாகிறதென்று ஆராய்ந்தார்கள். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாளாகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள். தண்ணீர் குடிப்பதைப்போன்ற சிறு காரியங்களைவிடத் தேகாப்பியாசம் பழக்கமாக அதிக நாள் எடுத்தது. அதே ஆராய்ச்சியில் இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்றும் கண்டார்கள். நம்மைக் கெடுப்பது தவறிய ஒரு நாளன்று; "போச்சு, எல்லாம் போச்சு" என்று அதன்பின் நாம் சொல்லிக்கொள்ளும் வார்த்தை. மூன்றாவது முறை எங்களை வீழ்த்தியது அந்த வார்த்தையே.

சகோதரிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் காலையில் வீதியில் நடந்தால் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. அதே வீதியில் ஒரு பெண்பிள்ளை வேகமாக நடந்தால், "எங்கே பிள்ளை போறாய்?" என்று வேலிக்கு வேலி விசாரணை. வீட்டிலே தாய்மார் முதலில் எழும்பி கடைசியிற் படுக்கிறார்கள். அவர்களுக்கு வேலை உண்டு, ஆனால் மூச்சு வேகமாக வாங்கும்படியான நடை இல்லை. நம் தாய்க்கும் தமக்கைக்கும் அரைமணி நேரத்தைக் கொடுப்பதென்றால் அந்த அரைமணிக்குரிய வீட்டு வேலையை நாம் எடுத்துச் செய்யவேண்டும். தேங்காய் துருவுவதாலும் முற்றம் கூட்டுவதாலும் எந்த ஆண்மகனும் குறைந்துபோவதில்லை. அதுவும் ஓர் அப்பியாசந்தானே.

எச்சரிக்கையாக ஒன்று. இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள், பல ஆண்டு அசையாமலிருந்த முதியவர்கள், வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். நடக்கும்போது நெஞ்சிலே இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும். நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடக்கலாகாது. தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இதை நாங்கள் புத்தகத்திற் படித்துச் சொல்லவில்லை.

இனிச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வருடத்துக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடத்துகிறோம், கேடயம் கொடுக்கிறோம். அது நன்று. அது திருவிழா. நித்திய பூசைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? வாரத்தில் மூன்று பின்னேரம் சங்க வளவிலே கரப்பந்து வலையைக் கட்டிவைக்கலாம். அணியில் இடம் பெறாதவர்களுக்கென்றே அது இருக்கட்டும். நிலவு நாட்களில் கிளித்தட்டு மறிக்கலாம். அதற்குக் கோடு கீறுவதைத் தவிர வேறு செலவில்லை. காலையில் சகோதரிகள் சேர்ந்து நடக்க ஒரு குழு அமைக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் வேலிக்கு வேலி விசாரணை தானாக ஓய்ந்துவிடும். கேடயம் ஒன்று மிஞ்சினால், அதை வேகமாக ஓடியவருக்குக் கொடாமல், வருடம் முழுவதும் அதிக நாள் வந்தவருக்குக் கொடுங்கள். அப்போது நூறு மீற்றரில் ஆறாவதாக வருபவர்களுக்கும் ஒரு நம்பிக்கை உண்டாகும்.

தகப்பனாரின் காற்புண் ஆறி ஏழு மாதமாயிற்று. வைத்தியர் சொன்னபடி தைத்த பிரத்தியேகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, முதலில் முற்றத்தில் ஐந்து நிமிடம், பின்னர் ஒழுங்கை முடியும் வரையில், இப்போது வாசிகசாலைக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு நடக்கிறார். இந்த விடுமுறையில் வந்த முதல் நாள் நாங்கள் களைப்பினாற் படுத்திருந்தோம். பின்னேரம் ஐந்தரை மணிக்குப் படலையடியிலிருந்து அவருடைய சத்தம் கேட்டது: "தம்பி, மணி அடிச்சாச்சு. வா."

எழுந்து போனோம்.